பதினோராவது பை

எங்கள் ஊரில் சாக்கு தீர்ந்துபோன வருடத்தில்தான், தவமலரக்காவின் கல்யாணக் கூறைச்சேலையில் வெட்டிய பதினோராவது பை நிரம்ப மாட்டேன் என்று நின்றது. சாக்கு ஏன் தீர்ந்தது என்றால், சண்டை கிட்ட வந்தபோது வீதியை மூடினார்கள், வீதியை மூடியபோது சீமெந்து வருவது நின்றது, சீமெந்து நின்றபோது சீமெந்துப் பையும் நின்றது, பிறகு மாப் பை, சீனிப் பை, உரப் பை என்று ஒவ்வொன்றாக மண் நிரம்பிப் பதுங்குகுழிகளின் மேல் ஏறி, ஷெல் பட்டுக் கிழிந்து, கடைசியில் நாவல்மோட்டையில் மண் மட்டும் மிஞ்சியது, அதை அள்ளிப் போட ஒன்றுமில்லை. மண்மூட்டை இல்லாவிட்டால் பதுங்குகுழி வெறும் பள்ளம். ஆகவே பெண்களே, சேலைகளைக் கொண்டு வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

பிள்ளைகள் வராமல் போன பள்ளிக்கூடத்தில் பதினெட்டுத் தையல் மெசின்களைப் போட்டு, முன்பு கைப்பணி படிப்பித்த இரத்தினேஸ்வரி ரீச்சரைப் பொறுப்பாக விட்டார்கள். ஊரில் ஆண்கள் சிலர் போயிருந்தார்கள், சிலர் போய்ச் சேர்ந்திருந்தார்கள், மிச்சமிருந்தவர்கள் எதற்கும் உதவாத வயதில் இருந்தபடி எங்களுக்குப் புத்தி சொன்னார்கள். வெட்டுவதும் தைப்பதும் நிரப்புவதும் நாங்கள்தான். ஒரு சேலைக்குப் பதினொரு பை, ஒரு பைக்குப் பதினாலு சவள் மண், ஒரு நாளைக்கு நானூறு பை. ரீச்சர் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். நிரப்பிய மூட்டை வாய் திறந்து கிடப்பதைக் கண்டால், அது யாருடையதாக இருந்தாலும், தைக்காமல் ஒருத்தியும் தாண்டிப் போகக்கூடாது. முதல் மாரியில் வாய் தைக்காத மூட்டைகள் மழையில் கரைந்து ஒரு குடும்பம் குழிக்குள் புதைந்துபோனது, அன்றிலிருந்து அந்தச் சட்டம் எங்கள் கைகளுக்குள் இறங்கியிருந்தது. நடந்து போகும்போதே குனிந்து, ஊசியை ஏற்றி, ஒன்பது தையல் போட்டு, பல்லால் நூலை அறுத்துவிட்டு நடப்போம், அடுத்த நிமிடம் தைத்ததே நினைவில் இருக்காது.

வீட்டுச் சேலைகள் முடிந்தன, கோயில் சேலைகள் முடிந்தன, பிறகு கூறைகள் வந்தன. அதுவரை ஒவ்வொருத்திக்கும் தன் கூறை மட்டும்தான் அப்படியொரு சிவப்பு என்ற நினைப்பு இருந்தது. வகுப்பறை நடுவே குவித்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே அரக்குச் சிவப்பு, எது எவளுடையது என்று அவளவளுக்கே தெரியவில்லை. சிலர் அழுதார்கள். தவமலரக்கா அழவில்லை. விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடியில் புருசனைக் கொடுத்துவிட்டு, ஒரேயொரு மகளை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர் அவர். மகளின் பெயர் கௌசிகா, வீட்டில் கூப்பிடுவது சூட்டி, பதினேழு வயது. அவளும் எங்களோடு வந்து, ஒரு மூலையில் குந்தியிருந்து எங்கள் எல்லோருக்கும் கட்டையில் நூல் சுற்றித் தருவாள்.

அன்று மத்தியானம் எங்களோடு தைத்த பிலோமினா சவளால் அள்ளிப் போட, தவமலரக்கா பையின் வாயை விரித்துப் பிடித்திருந்தார். கூறையின் முந்தானைப் பக்கம், கடைசித் துண்டு. பிலோமினா பதினாலு சவள் போட்டாள், இருபது போட்டாள், ஐம்பது போட்டாள், முற்றத்தில் ஆளுயரத்துக்கு நின்ற மண்கும்பி முழங்காலுக்கு இறங்கியது, பை மட்டும் வெறும் பையாகவே அக்காவின் கையில் தொங்கியது.

"அக்கா, அடியிலை கிழிஞ்சு கிடக்கோ பாருங்கோ."

"நான் தைச்சது கிழியுமே? நீ போடடி."

ரீச்சர் வந்தார். பையைப் பார்த்தார், கும்பியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இண்டைக்கு நானூறு குடுக்கவேணும். நிரம்பாத பையோடை மினக்கெட நேரமில்லை, அதைக் கழிவிலை எறிஞ்சுபோட்டு அடுத்ததை எடுங்கோ" என்றார். நாங்களும் அடுத்ததை எடுத்தோம். ஏன் நிரம்பவில்லை என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அந்த வருடத்தில் ஏன் என்று கேட்க எங்களிடம் அதைவிடப் பெரிய விசயங்கள் நிறைய இருந்தன.

தவமலரக்கா பையை வீட்டுக்குக் கொண்டுபோய், வேறு என்ன செய்வது என்று தெரியாமல், சட்டிபானையை அதற்குள் போட்டு வைத்தார். அடுத்த நாள் அகப்பை தேவைப்பட்டுக் கையை விட்டுத் துழாவினால், தோள் வரை போயும் ஒன்றும் தட்டுப்படவில்லை. நுனி உடைந்த அகப்பை அது, அதற்கு அவர் வைத்த பெயர் மூக்கறைச்சி. "எங்கையடி துலைஞ்சாய், மூக்கறைச்சி" என்று ஏசினார், அகப்பை கைக்குள் வந்து நின்றது. பெயரைச் சொன்னால் வரும், சொல்லாவிட்டால் வராது, பைக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள இரண்டு நாள்கூட எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஷெல் எங்கள் வாசிகசாலைக்கு வந்துவிட்டது, எல்லோரும் கிழக்கே நடக்க வேண்டும், எங்கள் உழவு இயந்திரங்களுக்கு எண்ணெய் இல்லை. முதலில் பக்கத்து வீட்டுக்காரி தன் உரலோடு வந்தாள், பிறகு சைக்கிள்கள் வந்தன, கூரைத் தகரங்கள் வந்தன, விதைநெல் வந்தது, பதினெட்டு மெசின்களும் வந்தன, ஒரு கட்டத்தில் தவமலரக்காவின் வாசலில் சங்கக்கடையில் நிற்பதுபோல வரிசை நின்றது. பெயரில்லாத பொருளை மீட்க முடியாதென்று அறிந்ததும் ஊர் முழுக்க ஒரு பெயர்சூட்டு விழாவே நடந்தது. உரல் குண்டாத்தை ஆனது, தகரங்கள் தங்கம்மா ஒன்று, தங்கம்மா இரண்டு என்று எட்டு வரை போயின, ஒருத்தி தன் ஓட்டைச் சைக்கிளுக்குப் புருசனின் பெயரை வைத்துவிட்டு அதை ஆசைதீர ஏசினாள். ஊர்த்தலைவர் விதானையாரின் பெண்சாதி மட்டும் தன் பெட்டி பிலோமினாவின் மீன்வலைக்குப் பக்கத்தில் கிடக்கக்கூடாது என்று மூக்கைச் சுளித்தார்.

"உள்ளுக்கை பக்கம் எண்டு ஒண்டில்லை, மாமி" என்றார் தவமலரக்கா. "போடுறதெண்டால் போடுங்கோ, இல்லாட்டித் தலையிலை வைச்சுக்கொண்டு நடவுங்கோ."

மாமி போட்டார். இப்படியாக நாவல்மோட்டை என்ற ஊர் முழுவதும் ஒரு சிவப்புப் பைக்குள் இறங்கி, தவமலரக்காவின் கக்கத்தில் மடங்கி, கிழக்கே நடந்தது. புது இடத்திலும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, மெசின்களைப் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம், மறுநாள் காலை நானூறு பை.

அங்கேதான் பட்டியலோடு வந்தார்கள். சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை, பதினேழு ஆகியிருந்தால் போதும். வாகனம் இரண்டு ஒழுங்கை தள்ளி நின்றபோதே அங்கே ஒரு தாய் கத்துவது எங்களுக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப்போவதில்லை, இன்னும் என் காதில் கிடக்கிறது. சூட்டி மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தவமலரக்கா அவளுடைய கையைப் பிடித்து இழுத்து, பையின் வாயை விரித்துத் தரையில் வைத்தார்.

"சூட்டி, இதுக்கை இறங்கு."

"எவ்வளவு நேரத்துக்கம்மா?"

"அவையள் போகுமட்டும். நான் கூப்பிட்டால் வா. வேற ஆர் கூப்பிட்டாலும் வராதை."

அவள் பாதி சுற்றிய நூல்கட்டையைக் கீழே வைக்கவும் மறந்து, கிணற்றுக்குள் இறங்குவது மாதிரிக் காலை வைத்து இறங்கிப் போனாள். வாகனத்தில் வந்தவர்கள் வீட்டுக்குள் பார்த்தார்கள், குழிக்குள் பார்த்தார்கள், பட்டியலில் கோடு போட்டார்கள், போனார்கள். மறுநாளும் வந்தார்கள். மறுநாள் பிலோமினா தன் மகள் ஜெனிற்றாவைக் கொண்டுவந்து விட்டாள், அதற்கு மறுநாள் நான் என் மூத்தவள் விஜிதாவை விட்டேன், கிழமை முடிவதற்குள் ஏழு பிள்ளைகள். நாள்தோறும் மத்தியானம் தவமலரக்கா வாயைத் திறப்பார், அவளவள் தாய் தன் மகளின் பெயரைச் சொல்லிக் கையை விடுவாள், உள்ளேயிருந்து ஒரு கை வந்து பிடிக்கும், சோற்று உருண்டையை வாங்கிக்கொண்டு போகும். பிள்ளைகள் இறங்கிய பிறகு பை முன்பு மாதிரி வெறுமையாகத் தொங்கவில்லை, மற்ற மூட்டைகளைப் போலப் பருத்திருந்தது. உள்ளே மூச்சு விடுகிறார்கள் அல்லவா, அதனால் என்று ரீச்சர் சொன்னார். பாரம் மட்டும் இல்லை.

பிழை எங்களுடையது. அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. சோறு கொடுப்பதற்கு இன்னும் நேரமிருந்தது, தவமலரக்கா பிள்ளைகளுக்குக் காற்றுப் போகட்டும் என்று பையின் வாயைத் திறந்து தன் மெசினின் காலடியில் வைத்திருந்தார், அப்போது ஷெல் வந்தது. நாங்கள் குழிக்குள் பாய்ந்தோம். தவமலரக்கா பையை எடுக்கத் திரும்பினார், இரண்டு பேர் அவரை இடுப்பில் பிடித்து இழுத்து உள்ளே போட்டார்கள், அவர்களில் ஒருத்தி நான். அரைமணித்தியாலம் கழித்து ஏறி வந்தபோது பள்ளிக்கூடத்தில் பாதி இல்லை. கூறை மூட்டைகள் நூற்றுக்கணக்கில் முற்றமெங்கும் சிதறிக் கிடந்தன, காயக்காரரைத் தூக்க வேண்டியிருந்தது, சண்டைமுனையில் கட்டிய மண்அணைக்கு மூட்டை இப்பவே வேண்டும் என்று உழவு இயந்திரம் வந்து நின்று கத்தியது, நாங்கள் ஓடிக்கொண்டே குனிந்தோம், தைத்தோம், அறுத்தோம், ஓடினோம். தவமலரக்கா தன் மெசின் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே ஒன்றும் இல்லை.

"என்ரை பை எங்கை?" என்று கேட்டார். திரும்பவும் கேட்டார்.

பிலோமினா தன் ஊசியைப் பார்த்தாள். அதில் சிவப்பு நூலின் மிச்சம் தொங்கியது. "நான் ஒண்டு தைச்சனான் அக்கா" என்றாள். "வாய் திறந்து கிடந்தது. பாராமல் தைச்சுப்போட்டன்." அதன் பிறகு, தான் யாரை உள்ளே வைத்துத் தைத்தாள் என்பது அவளுக்கு விளங்க, மணலில் விழுந்து உருண்டாள். உழவு இயந்திரத்தில் மூட்டை ஏற்றிய பெடியன்களைக் கேட்டோம். ஒரு மூட்டை இலேசாக இருந்தது உண்மைதான் என்றார்கள், களைத்தவன் இலேசான மூட்டையைப் பற்றி முறைப்பாடு செய்வானா?

அணை எட்டு மைல். அதில் எத்தனை ஆயிரம் மூட்டை, அதில் எத்தனை எங்கள் கூறைகள், எல்லாம் ஒரே சிவப்பு. முதல் நாள் தவமலரக்கா கத்தியோடு போய் வெட்டினார், மண் கொட்டியது, அணையில் ஓட்டை விழுந்தது, ஓட்டைக்குப் பின்னால் ஒரு பெண் பால்குடிப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். "ஏனம்மா இதை உடைக்கிறியள்? நாங்கள் எங்கை போறது?" என்று கேட்டாள். அதன் பிறகு கத்தியைக் கொண்டுபோகவில்லை. ஒருத்தி ஒன்பது தையலைப் பிரிப்பாள், தவமலரக்கா கையை விட்டு "சூட்டி" என்பார், மண் மட்டும் தட்டுப்படும், பிலோமினா ஒன்பது தையலைப் போட்டு மூடுவாள். பகலில் தையல் வேலை செய்த கைகள், வெய்யில் சாய்ந்த பிறகு தையல் பிரிக்கும் வேலை செய்தன. இந்த வேலைக்கு நூல் எங்கே கிடைக்கும்? கட்டியிருந்த சேலையின் ஓரத்தில் இழை உருவினோம். மாதக் கணக்கில் உருவியதில் எங்கள் சேலைகள் முழங்காலுக்கு ஏறிவிட்டன, வெட்கம் எங்களை விட்டுப் போய் எவ்வளவோ காலமாகியிருந்தது.

சண்டையில் அணை விழுந்தது. சனம் மூட்டைகளை அவிழ்த்து மண்ணைக் கொட்டிவிட்டுப் பைகளை எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடியது, அங்கே நிரப்பியது, அங்கேயும் அவிழ்த்தது, ஓடியது. இலேசான மூட்டையை ஒருவரும் அவிழ்த்திருக்க மாட்டார்கள், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள், அந்த ஒரு நம்பிக்கையில் ஏழு தாய்மாரும் சனத்தோடு சனமாக ஓடினோம். போகும் இடமெல்லாம் மற்றவர்களின் குழிவாசலில் போய் நின்று, உங்கட மூட்டையை ஒருக்காப் பிரிச்சுப் பாக்கட்டோ என்று கேட்டோம். பைத்தியங்கள் என்றார்கள். சிலர் பாவம் பார்த்து விட்டார்கள். கடைசியில் ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் உப்புத்தண்ணீர்க் களப்புமாக, ஊர்கள் எல்லாம் வந்து ஒதுங்கிய ஒரு மணல் துண்டுக்கு வந்து சேர்ந்தோம், அதற்கு மேல் ஓட நிலம் இருக்கவில்லை. இரத்தினேஸ்வரி ரீச்சர் அங்கேதான் செத்தார். அவரைச் சுற்றவும் ஒரு துணி இல்லாமல், தைத்த பைகளில் நாலைப் பிரித்துச் சுற்றினோம்.

அந்த மணலில் ஒரு காலை, எங்களுக்குப் பத்தடி தள்ளியிருந்த குழியின் மேல் ஷெல் விழுந்தது. அந்தக் குழியில் இருந்தவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சுற்றியிருந்த மூட்டைகள் எல்லாம் கிழிந்து மண் கொட்டிக்கொண்டிருக்க, அடி வரிசையில் ஒன்று மட்டும் கிழியாமல், மெல்லப் பருத்தும் தணிந்தும் கிடந்தது. நாங்கள் ஒரு மாதமாகத் தலைசாய்த்துக் கிடந்த இடத்துக்கும் அதற்கும் பத்தடிதான். தவமலரக்கா தவழ்ந்து போய் அதன் அடித்தையலைத் தடவிப் பார்த்தார். தன் கைத்தையல் தனக்குத் தெரியாதா? பல்லால் நூலை அறுத்து, கையை உள்ளே விட்டு, "சூட்டி" என்றார்.

ஒரு கை வந்து பிடித்தது.

"அம்மா, உங்கட கை ஏன் இப்பிடிக் காய்ஞ்சு கிடக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். அதே குரல், ஒரு நாள்கூட வயது கூடவில்லை. "பசிக்குதம்மா. அவையள் போயிட்டினமோ?"

அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பட்டியலை வைத்திருந்தவர்கள் செத்தும் சிதறியும் ஒருவரும் மிச்சமில்லை. பிலோமினா ஜெனிற்றாவின் பெயரைச் சொல்லிக் கையை விட்டாள், நான் விஜிதாவின் பெயரைச் சொல்லிக் கையை விட்டேன், வெயிலில் குந்தியிருந்து ஏழு பேரும் அந்தச் சின்ன வாய்க்குள் கையை விட்டு அழுதோம், சிரித்தோம், இழுக்கப் பார்த்தோம். அப்போதுதான் களப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆமியின் ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. எல்லோரும் வாருங்கள், கைகளை உயர்த்திக்கொண்டு வாருங்கள், இளம் வயதுப் பிள்ளைகள் தனியாக ஒரு வரிசையில் வாருங்கள். தவமலரக்கா நிமிர்ந்து பார்த்தார். தண்ணீருக்கு அப்பால் ஒரு மேசை போட்டிருந்தது, மேசையில் ஒருவர் இருந்தார், அவர் முன்னால் ஒரு பட்டியல் இருந்தது. தனி வரிசையில் போன பிள்ளைகளைக் கண்ணாடி மூடிய ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், பஸ்ஸின் பின்னால் ஒரு தாய் ஓடினாள், அவளுடைய சத்தம் எங்களுக்குக் கேட்டது. அது நாங்கள் முன்பே கேட்ட சத்தம்.

தவமலரக்கா எங்கள் முகங்களைப் பார்த்தார். ஏழு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். நான்தான் முதலில் விஜிதாவின் கையை விட்டேன். விட்ட கையை இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

பையின் வாயை மூடித் தைக்க வேண்டும், ஊசி இருந்தது, நூல் இல்லை. எங்கள் சேலைகளில் உருவுவதற்கு இழை மிச்சமில்லை, இழுத்த இடமெல்லாம் துணி பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. பின்னால் சனம் தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. தவமலரக்கா குனிந்து பைக்குள் பேசினார்.

"சூட்டி, உன்ரை கையிலை நூல்கட்டை ஒண்டு இருக்குதெல்லே?"

"ஓமம்மா, பாதிதான் சுத்தினனான்."

"அதைத் தா, பிள்ளை."

பிள்ளையின் கை வெளியே வந்தது, நூல்கட்டையைத் தாயின் உள்ளங்கையில் வைத்தது. "என்னத்துக்கம்மா?" என்று கேட்டாள்.

தவமலரக்கா கட்டையைப் பிலோமினாவிடம் நீட்டினார். பிலோமினாதான் ஊசியில் கோத்துக் கொடுத்தாள். அந்த நூல் முழுவதையும் போட்டு, ஒன்பது தையல் அல்ல, முப்பது தையலுக்கு மேல் போட்டார் அக்கா, ஒரு முழம்கூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு பையை வயிற்றில் வைத்துச் சேலையால் சுற்றிக் கட்டிக்கொண்டு, நாற்பத்திநாலு வயதில் பிள்ளைத்தாய்ச்சியாகத் தண்ணீருக்குள் இறங்கினார். மேசையில் இருந்தவர் அவருடைய வயிற்றைப் பார்த்துவிட்டு, வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டார்.

"இல்லை" என்றார் தவமலரக்கா.

பிலோமினாவைக் கேட்டார். இல்லை என்றாள். என்னைக் கேட்டார், நானும் அதையே சொன்னேன். ஏழு பேரின் பெயருக்கு நேரேயும் பிள்ளைகள் என்ற இடத்தில் ஒரு கோடு விழுந்தது, அந்தக் கோடு விழுந்த காரணத்தால், பிறகு காணாமல்போன பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் தாய்மார் உட்கார்ந்தபோது எங்களுக்கு அங்கேயும் இடம் இருக்கவில்லை.

இப்போது நாவல்மோட்டைக்குத் திரும்பியிருக்கிறோம். உரலும் தகரமும் தங்கள் சாமான்களும் என்று ஊரவர் வந்து கேட்கிறார்கள், தவமலரக்கா முடியாது என்கிறார், அவர்களுக்குக் கோபம், இருக்கட்டும். பை அவருடைய மடியில் பருத்தும் தணிந்தும் கிடக்கிறது. அதன் வாயைப் பிரிக்கலாம், ஒரு தடவை பிரிக்கலாம். கடைகளில் எல்லா நிறத்திலும் நூல் வந்துவிட்டது, நாங்கள் வாங்கி முயன்றும் பார்த்தோம், எந்த நூலும் அந்தத் துணியில் நிற்பதில்லை, போட்ட கையோடு வழுக்கி விழுகிறது. பிள்ளை தந்த நூல் மட்டும்தான் பிடித்தது, அது முடிந்துபோனது. ஆகவே ஒருமுறை திறந்தால் திறந்ததுதான், அதற்குப் பிறகு ஒளிக்க இடமில்லை. திறக்கும் நாள் பிழைக்கக்கூடாது.

அக்காவுக்குக் கண் இப்போது மங்கல். நாள்தோறும் மத்தியானம், முன்பு சோறு கொடுத்த அந்த நேரத்துக்கு, நாங்கள் ஆறு பேரும் அவருடைய வாசலுக்குப் போவோம். வாகனச் சத்தம் கேட்டால் அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை தாயைக் கேட்பது மாதிரி எங்களைக் கேட்பார்.

"அவையள் போயிட்டினமோ?"

பிலோமினா எழும்பிப் படலைக்குப் போய் வீதியின் இரண்டு பக்கமும் பார்ப்பாள். மணிக்கணக்காகப் பார்ப்பது மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது அவளுடைய பிள்ளையும் அல்லவா. பிறகு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, பையின் மேல் கையை வைப்பாள்.

"இன்னும் இல்லை, அக்கா."